புகை போகாத ஃப்ரீசர்

செய்தி வந்தது பெரிய வெள்ளியன்று மாலை நாலேகால் மணிக்கு. கிருஷ்ணகிரி கோயிலில் சிலுவையை முத்தமிட வரிசையில் நின்றிருந்தேன். அன்று மணி அடிக்க மாட்டார்கள், மரத்தட்டையைத்தான் தட்டுவார்கள். அந்தக் கட்டைச் சத்தத்துக்கு நடுவே கைப்பைக்குள் போன் விட்டுவிட்டு அதிர்ந்துகொண்டிருந்தது. வெளியே வந்து பார்த்தேன். பாகலூரில் என் அத்தையிடம் வேலை செய்யும் ராஜாத்தியின் எண். எடுத்தேன். மூச்சு மட்டும் கேட்டது. பிறகு யாரோ போனை வாங்கினார்கள்.

"ரெனிட்டா அக்காவா? நான் லிபியா. மாடில இருக்கேம்லா, அந்த லிபியா. ஆன்ட்டிக்கு ஷாக் அடிச்சிட்டுக்கா. ஃப்ரீசருக்குப் பின்னால கெடந்தாங்க. ஓசூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்தோம். இப்பதான் டாக்டர் சொல்லிட்டாரு."

என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

பவுலினா அத்தை என் அப்பாவுடன் பிறந்த ஒரே தங்கை. பிள்ளைகள் இல்லை. அவளைப் பற்றி எழுதி வைக்க என்னைத் தவிர வேறு ஆளும் இல்லை.

குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் பக்கத்தில் பிறந்தவள். தாத்தா சந்தையில் மாட்டுக் கயிறு விற்றார். பத்தாவது முடித்த கையோடு அத்தை ஓசூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். பைக்குகளுக்குள் ஓடும் வயர்களைக் கட்டாகக் கட்டித் தரும் கம்பெனி அது. ஆள் உயரப் பலகையில் ஆணிகள் அடித்திருக்கும். நிறம் பார்த்து வயர்களை அந்த ஆணிகளில் வளைத்துப் போட்டு, சேர்த்துப் பிடித்து, கருப்பு டேப் சுற்ற வேண்டும். அத்தையின் வேலை டேப் சுற்றுவது. ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றில் பாதியை மூட வேண்டும். அதற்கு மேல் மூடினால் டேப் வீண், குறைந்தால் கட்டு திரும்பி வந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு எனக்குச் சுற்றிக் காட்டியிருக்கிறாள். கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பல வருடம் அந்தப் பலகை முன்னால் நின்றாள். அவள் விரல் பட்ட வயர்களுக்குக் கணக்கில்லை. அவற்றில் ஒன்றில்கூடக் கரண்ட் ஓடியதில்லை. வண்டியில் பொருத்திய பிறகுதான் அவற்றுக்கு உயிர் வரும். அது வேறு கம்பெனியில், வேறு ஆட்களின் கையில்.

டேப் பழக்கம் வீட்டுக்கும் வந்தது. கரண்டிக் காம்பு, துடைப்பக் கட்டு, டிவி ரிமோட், நான் கல்லூரிக்குப் பிடித்துப்போன குடை என்று எல்லாவற்றிலும் கருப்பு டேப் சுற்றியிருக்கும். மாமா ஜெபதுரை கம்பெனி பஸ் ஓட்டியவர். "நான் செத்தா பொட்டி வாங்காத பவுலி, டேப்ப சுத்தியே பொதச்சிரு" என்று கிண்டல் செய்வார். "உங்க தொப்பைக்கு ஒரு கம்பெனி டேப்பு பத்தாது" என்பாள் அத்தை. மாமா ஒரு நாள் டிப்போவிலேயே மாரடைப்பில் போய்விட்டார். அடுத்த வருடம் அவள் கம்பெனியும் அந்த வேலையை வேறு ஊருக்கு மாற்றிவிட்டது. அதன் பிறகுதான் மெஸ்.

பாகலூரில் ஒரு மாடி வீடு. மேல் தளத்தை ஒரு கம்பெனி வாடகைக்கு எடுத்துத் தன்னிடம் வேலை செய்யும் பெண்களைத் தங்க வைத்திருந்தது. திருநெல்வேலிப் பக்கம், விழுப்புரம், ஒடிசா என்று பல ஊர்ப் பெண்கள். கீழ்த் தளத்தில் அத்தை குடியிருந்து அவர்களுக்குச் சமைத்துப் போட்டாள். காலையில் இட்லி, இரவில் சாதமும் குழம்பும், ஞாயிற்றுக்கிழமை கோழி. கூட ராஜாத்தி. அவள் வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், அத்தையிடம் தமிழ், கோபம் வந்தால் மூன்றும்.

ஐஸ்கிரீம் கடை ஒன்றை மூடியபோது விலைக்கு வந்த பெரிய ஃப்ரீசர் ஒன்று சமையலறையின் பின்மூலையில், மாடிப்படி இறங்கும் இடத்தில் இருந்தது. மேலிருந்து மூடி திறக்கும் பெட்டி. இறங்கி வரும் பெண்கள் அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போனுக்குச் சார்ஜ் போட்டுவிடுவார்கள். ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அப்படி யாரோ பிடுங்கிப் போட்டதில் உள்ளே இருந்த கோழி மொத்தமும் கெட்டுப்போனது. அத்தை யாரையும் திட்டவில்லை. எலக்ட்ரீஷியன் பூபதியைக் கூப்பிட்டுப் பிளக்கை வெட்டச் சொல்லி, வயரை நேராகச் சுவர்ப் பெட்டிக்குள் இணைத்துவிட்டாள். பக்கத்தில் இருந்த சுவிட்சின் மேல் டேப்பைச் சிலுவை போல ஒட்டினாள். சுவிட்சுக்கும் ஃப்ரீசருக்கும் அதன் பிறகு சம்பந்தமே இல்லை.

"இனிமே எவ புடுங்குவான்னு நானும் பாக்கறேன்" என்றாள்.

"மெயின்ல கை வெச்சாத்தான் உண்டு, ஆன்ட்டி" என்றார்கள் பெண்கள், சிரித்துக்கொண்டே.

இந்த வருடம் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனுக்கு மறுநாள் தீப் பிடித்தது. ஊருக்கு வடக்கே தைலமரத் தோப்பு, அதைத் தாண்டி ஒரு கரடு, கரட்டின் அந்தப் பக்கச் சரிவு கர்நாடகம். காய்ந்த புல்லில் பிடித்த தீ கரட்டில் ஏறித் தோப்புக்குள் இறங்கியது. தோப்பின் ஓரத்தில் ரப்பர் துண்டும் ஸ்பாஞ்சுக் கழிவும் குன்றாகக் கொட்டிக் கிடந்தன. அவையும் பற்றிக்கொண்டன. இரண்டு மாநில வண்டிகளும் வந்தன. தமிழ்நாட்டு வண்டி கீழிருந்தும் கர்நாடக வண்டி மேலிருந்தும் தண்ணீர் அடித்தன. அணைத்து முடிக்க மறுநாள் மாலையாகிவிட்டது. வீடுகள் எதுவும் எரியவில்லை. ஆனால் அந்த நேரம் முழுவதும் காற்று தெற்கு நோக்கியே அடித்தது. தைலமும் ரப்பரும் சேர்ந்து எரிந்த புகை எண்ணெய்ப் பிசுக்கோடு ஊருக்குள் இறங்கி உட்கார்ந்தது.

அத்தையின் சமையலறை ஜன்னல்கள் வடக்குப் பார்த்தவை. அடுப்புச் சூட்டுக்காக அவற்றை எப்போதும் திறந்தே வைத்திருப்பாள்.

புகை போன பிறகும் வாசனை போகவில்லை. சுவரைக் கழுவியாயிற்று, துணிகளைத் துவைத்தாயிற்று. இட்லியில் வாசனை, தயிரில் வாசனை, ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்த மாவைத் திறந்தால் தோப்பே எழுந்து வந்து முகத்தில் அடித்தது. பெண்கள் தட்டை அப்படியே வைத்துவிட்டு வேலைக்குப் போனார்கள். இது கம்பெனியின் காதுக்குப் போயிற்று. அங்கிருந்து கங்கப்பன் வந்தார். பெண்களின் தங்குமிடத்தையும் சாப்பாட்டையும் பார்த்துக்கொள்பவர். மாலூர்க்காரர், கெட்ட மனிதர் இல்லை.

ஒரு இட்லியைப் பிட்டு வாயில் போட்டு வெகுநேரம் மென்றார். "ஏன்ம்மா இது, ஹொகே வாசனை இருக்கே."

"என்னது சார்?"

"புகைம்மா, புகை. பொண்ணுங்க பட்டினியா மெஷின்ல நின்னு ஒருத்தி மயங்கி விழுந்தா என் தலைதான் போகும். மேல கேக்கறாங்க. ஈஸ்டர் முடியற வரைக்கும் நான் எதுனா சொல்லித் தள்ளறேன். திங்கக்கெழம நானே வந்து சாப்புட்டுப் பாப்பேன். அப்பவும் வாசனை இருந்தா, கேன்டீன் சாப்பாடே வேன்ல வரும். இந்த மெஸ் வேணாம்னுடுவாங்க. நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

அவர் போன பிறகு அத்தை வெகுநேரம் அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்ததாக ராஜாத்தி சொன்னாள். மெஸ் போனால் அத்தைக்கு வேறு எதுவும் இல்லை. எங்களோடு வந்து இருக்கச் சொல்லி அப்பா கூப்பிட்டுப் பார்த்தார். "ரெண்டு பேருக்குச் சமைக்க எனக்கு வராதுண்ணா, உப்பு தப்பும்" என்று சொல்லி மறுத்துவிட்டாள்.

தவக்காலம் முழுக்க அவள் செய்த வேலை இதுதான். சமையலறைச் சாமான்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தாள். மிக்ஸியைக் கழற்றி, அடியில் மோட்டார் காற்று வாங்கும் துளைகளில் ஒட்டியிருந்த கரியைப் பல் தேய்க்கும் பிரஷால் எடுத்தாள். ஜாடிகளின் ரப்பர் வளையங்களை வினிகர்த் தண்ணீரில் ஊறப்போட்டாள். கிரைண்டரில் கல்லுப்பும் உமியும் போட்டுச் சுற்றவிட்டு, கழுவி, மறுபடி சுற்றவிட்டாள். கல்லின் கண்களுக்குள் புகுந்த புகை அப்படியும் மூன்று ஈடு மாவை வீணாக்கியது.

"மிக்ஸிய இப்புடிக் குளிப்பாட்டறீங்களே, உங்க மாமியார இப்புடிக் குளிப்பாட்டியிருந்தா சொத்த எழுதி வெச்சிருப்பாங்கக்கா" என்றாள் ராஜாத்தி.

"எங்க மாமியார்கிட்ட என்னடி சொத்து? ஒரு பல்செட்டு. அதையும் போட்டுக்கிட்டே போயிட்டாங்க."

ஃப்ரிட்ஜுக்குத்தான் நாள் அதிகம் பிடித்தது. உள்தட்டுகளை வெயிலில் காய வைத்தாள். கதவு ரப்பரின் மடிப்புகளை ஆப்ப சோடா தொட்ட துணியால் விரல் விட்டுத் துடைத்தாள். பின்னால் தண்ணீர் சேரும் தட்டை உருவி எடுத்தபோது கருப்புக் குழம்பு போல இருந்ததாம். கழுவி முடித்து, அடுப்புக்கரியை ஒரு கிண்ணத்திலும் காபித்தூளை ஒரு கிண்ணத்திலும் உள்ளே வைத்தாள். வாசனை போயிற்றா என்று பார்க்க அவளிடம் ஒரு வழி இருந்தது. சாயங்காலம் ஒரு டம்ளர் பாலை மூடாமல் உள்ளே வைப்பாள். பால் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். காலையில் அவளும் ராஜாத்தியும் ஆளுக்கு ஒரு வாய் குடிப்பார்கள். ஒரு காலையில் ராஜாத்தி குடித்துவிட்டு டம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்னடி?"

"பாலுக்கா."

"பாலுதான்டி, என்ன வாசனை?"

"பாலு வாசனைதான்க்கா!"

இருவரும் ஜெபம் சொன்னார்கள், அவரவர் சாமிக்கு.

மிஞ்சியது ஃப்ரீசர். அதற்குள் எப்போதும் கோழியோ மீனோ இருந்தது. முழுக்கக் காலி செய்ய வழியில்லை. பாதி காலி செய்து பாதியைத் துடைத்தாள். உள்ளே கரியும் காபித்தூளும் வைத்தாள். வாசனை போகும். இரண்டு நாள் கழித்து மறுபடி வரும். மூடியைத் திறந்தால் இருக்காது, மூடி வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றால் வரும்.

தீக்குப் பிறகு எலிகளும் வந்திருந்தன. தோப்பில் வளை வைத்திருந்தவை எல்லாம் ஊருக்குள் இறங்கியிருந்தன. அடுத்த தெருவில் ஒரு வீட்டுக் குளியலறையில் பாம்பு அடித்தார்கள். அத்தை எலிப்பொறி வாங்கவில்லை. "காடு எரிஞ்சா அதுங்க எங்கடி போவும்?" என்றாள். இரவில் சமையலறையில் ஏதோ பிராண்டும் சத்தம் கேட்கும், விளக்கைப் போட்டால் நின்றுவிடும். ஃப்ரீசரின் பின்புறச் சூட்டுக்காக அதன் மேல் படுத்துத் தூங்கும் தெருப்பூனை ஒன்று இருந்தது. ஒரு நாள் அது மேலே தாவிய வேகத்தில் கத்திக்கொண்டு கீழே குதித்து ஓடியது. அப்புறம் அந்தப் பக்கம் வரவே இல்லை.

வாசனையும் மாறிக்கொண்டிருந்தது. அதை முதலில் சொன்னது லிபியா.

"ஆன்ட்டி, இது தோப்புப் பொக இல்ல பாத்துக்கிடுங்க. எங்க ரூம்ல தலமுடிய நேராக்குற மெஷின் உண்டும்லா, அதுல முடி கருகுனா ஒரு நாத்தம் வரும். அது மாதிரி இருக்கு."

"உன் முடி கருகற நாத்தம்தான் கீழ வரைக்கும் வருது" என்று இன்னொருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அத்தையும் சிரித்தாள். தோப்பில் ரப்பரும் ஸ்பாஞ்சும் எரிந்ததல்லவா, அதன் வாசனை இப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொன்னாள். அந்த மாதம் பாகலூரில் எல்லார் வீட்டிலும் ஏதோ ஒன்று நாறியது. எல்லாரும் அதற்குத் தோப்பைத்தான் கை காட்டினார்கள்.

தரையைக் கழுவும்போது ஃப்ரீசரைத் தொட்ட ராஜாத்தி கையை உதறினாள். "அக்கா, ஜிவ்வுனு இழுக்குதுக்கா."

"கை ஈரம்டி. ஈரக் கையோட தொட்டா அப்படித்தான்."

ஆனாலும் அத்தை பூபதிக்குப் போன் செய்தாள். பூபதி ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றான். ஞாயிறு வந்தது, அவன் வரவில்லை. அடுத்த முறை கேட்டபோது புதிதாகக் கட்டும் ஒரு கல்யாண மண்டபத்தில் வேலை, முடித்துவிட்டு வருகிறேன் என்றான். அத்தை ஃப்ரீசருக்கு முன்னால் ஒரு ரப்பர் மிதியடியைப் போட்டு, அதன் மேல் நின்றுதான் மூடியைத் திறக்க வேண்டும் என்று எல்லாருக்கும் சொல்லி வைத்தாள். மிதியடி மேல் நின்றால் இழுக்கவில்லை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பெரிய வெள்ளிக்கு முந்தின குருத்து ஞாயிறன்று போயிருந்தேன். சமையலறை முழுக்க வினிகர் வாசனை. அத்தை என் கையைப் பிடித்து இழுத்துப்போய் ஃப்ரீசர் முன்னால் நிறுத்தினாள்.

"மோந்து பாரு ரெனி. உனக்கு என்ன தெரியுது?"

"வினிகர்தான் தெரியுது அத்தை. உங்க மேலயும் அதான் வருது."

"காலேஜ் படிச்ச மூக்கு, ஒண்ணத்துக்கும் ஒதவல" என்று என் தலையில் தட்டினாள். மந்திரித்த குருத்தோலையைச் சிலுவையாக மடித்து, ஃப்ரீசருக்கு மேலே சுவரில் டேப் போட்டு ஒட்டினாள். இளைத்திருந்தாள். வினிகரும் சோடாவும் பட்டு விரல் நுனிகள் வெடித்திருந்தன.

"பெரிய வெள்ளிக்கு மெஸ் கெடையாது. வருஷத்துல அந்த ஒரு நாள்தான் அடுப்பு பத்த வெக்க மாட்டேன். வியாழக்கெழமையோட உள்ள இருக்கறத முடிச்சுடுவேன். ஃப்ரீசர் காலியா இருக்கும். அன்னிக்கு அத வெளிய இழுத்துப் போட்டு ஒரு கை பாத்துடறேன்."

"பெரிய வெள்ளில போயி இந்த வேலையா?"

"ஆண்டவருக்குத் தெரியும். திங்கக்கெழம கங்கப்பன் வருவாருல்ல."

அதுதான் நான் அவளிடம் கடைசியாகப் பேசியது. இனிமேல் சொல்வது ராஜாத்தி சொன்னது.

வெள்ளியன்று காலையில் ராஜாத்தி வந்தபோதே அத்தை ஃப்ரீசரின் உள்பக்கத்தைக் கழுவி முடித்திருந்தாள். தரையெல்லாம் தண்ணீர். மிதியடியைச் சுருட்டி ஓரமாக வைத்திருந்தாள். கரண்ட் பிடிக்காமலிருக்க, இருவரும் ஆளுக்கொரு மூலையைக் காய்ந்த கோணியால் பிடித்துக்கொண்டு ஃப்ரீசரைச் சுவரிலிருந்து இழுத்தார்கள். முக்கால் அடி நகர்ந்ததும் அந்த நாற்றம் குப்பென்று வந்தது.

பின்னால், மோட்டாருக்குப் பக்கத்தில் எலிக்கூடு. ஸ்பாஞ்சுத் துணுக்குகள், தலைமுடி, நைலான் நூல், பாதி எரிந்த தைல இலைகள். கூட்டின் வாயில் ஒரு எலி காய்ந்து விறைத்துக் கிடந்தது. அதன் மீசையும் முகமும் கருகியிருந்தன. அதன் பற்கள் இருந்த இடத்தில் வயர் கடிபட்டிருந்தது.

"அய்யய்யோ, ஒத்துக்கா, வேணாங்க்கா, தொடாதீங்க" என்று தெலுங்கும் தமிழுமாகக் கத்திக்கொண்டு ராஜாத்தி பின்வாங்கினாள்.

அத்தை தரையிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாளாம். "பொகையே இல்லடி! இத்தன நாளும் எலிய வெச்சுக்கிட்டுத் தோப்பத் திட்டிக்கிட்டிருந்தோம்." துடைப்பக் கட்டையால் எலியையும் கூட்டையும் முறத்தில் தள்ளி வெளியே கொண்டுபோய்ப் புதைத்தாள். கை கழுவிக்கொண்டு உடனே கங்கப்பனுக்குப் போன் போட்டாள்.

"சார், கண்டுபுடிச்சுட்டேன் சார். பொக இல்ல, எலி. இனிமே வாசனை வராது. நீங்க திங்கக்கெழம தைரியமா வாங்க, இட்லியும் கோழிக்கொழம்பும்."

மறுமுனையில் கங்கப்பன் பதறியது ராஜாத்திக்கும் கேட்டது. "எலின்னு யாருகிட்டயும் சொல்லாதீங்கம்மா! எலி ஹொகேய விட மோசம். புகைன்னே இருக்கட்டும், புகை போயிடுச்சுன்னு நான் சொல்லிக்கறேன்."

மெஸ் தப்பித்தது என்று அப்போதே முடிவாகிவிட்டது. அத்தை முகத்தை அவ்வளவு தெளிவாகப் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது என்றாள் ராஜாத்தி.

மீதி வேலை கொஞ்சம்தான். பின்பக்கத்தைத் துடைக்க வேண்டும், கடிபட்ட வயருக்கு டேப் சுற்ற வேண்டும், தள்ளி வைக்க வேண்டும்.

"மெயின அணைச்சுடலாங்க்கா" என்றாள் ராஜாத்தி.

அத்தை மாடியைப் பார்த்தாள். "புள்ளைங்க நைட் ஷிப்ட் முடிச்சு வந்து தூங்குதுங்க. இந்த வேக்காட்டுல ஃபேன் நின்னா அத்தனையும் எழுந்துக்கும். சாயங்காலம் மறுபடி வேலைக்குப் போகணும். ஒரு நிமிஷ வேலைடி இது. எத்தன வருஷம் சுத்தியிருக்கேன்."

"பூபதி வரட்டுமேக்கா."

"அவன் கல்யாண மண்டபம் கட்டி, அதுல அவனுக்கே கல்யாணம் ஆயி, அப்பறம்தான் வருவான். நீ போயி கோயில்ல கஞ்சி வாங்கிட்டு வா. புள்ளைங்க எழுந்தா பசிக்கும். கூட்டம் சேர்றதுக்கு முன்னாடி போ."

பெரிய வெள்ளியன்று நடுப்பகலில் கோயிலில் கஞ்சி ஊற்றுவார்கள். ராஜாத்தி பெரிய தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வாசலில் செருப்பு மாட்டும்போது, உள்ளே அத்தை டேப்பின் முனையை நகத்தால் கிளப்பும் சத்தம் கேட்டது. தெருக்கோடி வரை போய், கரண்டி மறந்துவிட்டதே என்று நின்று யோசித்தாளாம். திரும்பவில்லை, கோயிலில் இருக்கும் என்று போய்விட்டாள்.

வரிசை நீளமாக இருந்தது. வாளி நிறையக் கஞ்சியோடு வந்தபோது வாசற்கதவு திறந்தபடி இருந்தது. "அக்கா, துவையலும் குடுத்தாங்க" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். ஃப்ரீசருக்கும் சுவருக்கும் நடுவே அத்தையின் கால்கள் மட்டும் தெரிந்தன. வெறுங்கால்கள், ஈரத் தரையில். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

ராஜாத்தி அத்தையிடம் போகவில்லை. அந்த நேரத்தில் அவளுக்கு எப்படி அந்த நிதானம் வந்தது என்று தெரியவில்லை. முதலில் வாசலுக்கு ஓடி மெயினை இறக்கினாள். வாளி கவிழ்ந்து கஞ்சி வாசல் வரை ஓடியது. மோட்டார் நின்றது. மேலே ஃபேன்கள் ஒவ்வொன்றாகச் சுற்றி ஓய்ந்தன. கொஞ்ச நேரத்தில் மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. தூக்கக் கலக்கத்தில் ஒருத்தி பாதிப் படியில் நின்று, "ஆன்ட்டி, கரண்ட் போயிட்டு" என்று கூப்பிட்டாள். அது லிபியா.

மறுநாள் பெரிய சனி. பிரேதப் பரிசோதனை முடிந்து உடல் கைக்கு வர மதியமாகிவிட்டது. அன்று பகலில் பூசை கிடையாது. சாவுமணியும் அடிக்க மாட்டார்கள். சாமியார் கல்லறையிலேயே ஜெபம் சொன்னார். மாமாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம். மாடிப் பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள், வேலைக்குப் போகவேண்டியவர்கள்கூட. கங்கப்பன் மாலையோடு வந்து, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார். பூபதி தூரத்தில் நின்றான், கிட்டே வரவில்லை. அன்று இரவு ஈஸ்டர் பூசைக்காகக் கோயில் வாசலில் புது நெருப்பு மூட்டினார்கள். விறகுப் புகை எங்கள் பக்கம் திரும்பியபோது, ராஜாத்தி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். பிறகு மணிகள் எல்லாம் சேர்ந்து அடித்தன.

திங்கட்கிழமை கங்கப்பன் சொன்னபடியே வந்தார். வீட்டைக் காலி செய்ய அப்பாவும் நானும் அங்கே இருந்தோம். அவர் சமையலறை வாசலில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தார். "வாசனையே இல்லம்மா" என்றார், என்னைப் பார்க்காமல். கேன்டீன் சாப்பாடு அன்றைக்கே வேனில் வந்தது. பெண்கள் தட்டுகளோடு படியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

மிக்ஸியும் ஃப்ரிட்ஜும் ராஜாத்தி வீட்டுக்குப் போயின. கிரைண்டரை அப்பா எடுத்துக்கொண்டார். ஃப்ரீசரை யாரும் கேட்கவில்லை. பூபதி வந்து சுவர்ப் பெட்டியில் வயரை வெட்டிவிட்டுப் போனான். வேறெதையும் அவன் தொடவில்லை. எலி கடித்த இடம் ஒரு விரல் நீளம் இருக்கிறது. அதற்குச் சற்று முன்னாலிருந்து டேப் தொடங்குகிறது. ஒவ்வொரு சுற்றும் முந்தினதில் சரியாகப் பாதியை மூடியிருக்கிறது. கடிபட்ட இடம் வந்ததும் நின்றுவிட்டது. மிச்சச் சுருள் வயரிலேயே தொங்கிக்கொண்டிருக்கிறது.